நுரை போட்ட கோடு

ஓசூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆற்றங்கரை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்க, வாரம் இரண்டு நாள் சென்னையிலிருந்து போய்க்கொண்டிருந்தேன். அங்கே பாடத்துக்கு எடுத்துக்கொண்ட உள்ளூர் ஆற்றை முதல் நாளே வெறுத்தேன். கர்நாடகத்திலிருந்து கறுத்து வரும் தண்ணீர், பாலத்தடியில் ஆளுயர நுரை, குடலைப் புரட்டும் நாற்றம். துறைத்தலைவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. மாணவர்களோ, "இந்த ஆத்தோரமா யாரு மேடம் வாக்கிங் வருவாங்க?" என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

வெள்ளம் எதுவரை ஏறும் என்று தெரியாமல் கரையில் எதையும் வரைய முடியாது. சுவரில் படிந்த கறையை வைத்து அளப்பது எங்கள் தொழில் வழக்கம். மாணவர்களை அளக்க அனுப்பினேன். ஒரு தக்காளித் தோட்டத்து மோட்டார் அறைச் சுவரில் இடுப்பளவுக்கு வெளுத்த கறை இருந்ததைப் படம் எடுத்து வந்தார்கள். அதுதான் வெள்ள மட்டம் என்றேன். அந்த மட்டத்துக்குக் கீழே இருந்த நிலம் முழுவதற்கும் வரைபடத்தில் நீலம் பூசினோம். பல்கலைக்கழக முத்திரை குத்தி ஊராட்சி அலுவலகத்தில் மாட்டியும் விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்காரம்மா வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். தன் நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தாராம். எங்கள் வரைபடத்தைக் காட்டி, வெள்ளம் வரும் இடம் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

"யாரு அந்தக் கோட்டைப் போட்டது?"

"நான்தான்."

"அது வெள்ளமில்லீங்க, நொரை. காத்தடிச்சா பறந்து வந்து செவுத்துல அப்பிக்கும். எங்கூர்ல சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

பக்கத்து மூக்கண்டப்பள்ளியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "எனக்கு அன்னைக்கே சந்தேகம் மேடம். நீங்க எங்களப் பேச விட்டாத்தான?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

திருத்தித் தரச் சொல்லித் துறைத்தலைவரிடம் போனேன். "டிபார்ட்மென்ட் மானம் போயிடும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களா என்று கத்திவிட்டு, நானே ஒரு கடிதம் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்று அதே நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள்.

அதைச் சொல்லத் தோட்டத்துக்குப் போனேன். அந்தம்மா உட்காரச் சொல்லவில்லை. மோட்டார் அறையில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகள் இறுகிக் கல்லாகியிருந்தன.

"அளக்க வந்தன்னைக்கு நீங்களே எறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. எங்க இருந்தீங்க?"

"பாலத்து மேல, கார்ல." பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "நாத்தம் தாங்கல. கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்திருந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த நாத்தத்துலதான் நான் வீடு கட்டிக் குடியிருக்கக் கேட்டேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்க."