மானிப்பாய் வீட்டில் விழுந்த அடிகள்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை. தென்மராட்சியில் தோட்டம் செய்யும் குடும்பம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு மிளகாய்க் கன்றுகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிடப் போய்விடுவார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் சட்டிபானைகள் வழமையைவிடப் பளபளக்கும். அவ்வளவுதான். அப்படி வளர்ந்த நான் நாடகத்தில் நடிக்கப் போனபோது, மேடையில் கோபப்பட வராமல் திண்டாடினேன். அழச் சொன்னால் அழுவேன். கத்தச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில்தான் மானிப்பாயில் ஒரு வதிவிடத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளிநாடு போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெரிய வீடு. வளர்ந்துவரும் கலைஞர்களை அங்கே தங்கவைத்து, ஒவ்வொருவரையும் வேறொரு துறையில் பெயரெடுத்த மூத்தவர் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். இருவரும் தங்கள் வேலையைப் பகிர்ந்து புதிதாக ஏதாவது செய்து, கடைசியில் ஊராருக்குக் காட்ட வேண்டும். வயலின் வாசிக்கும் ஒரு பெடியனுக்கு ஓவியர் கிடைத்தார். நடிகையான எனக்கு இரும்புச் சிற்பி கிடைத்தார்.

அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. தோள்கள் மூடை தூக்குகிறவரின் தோள்கள். வீட்டின் பின்வளவில், தகரக் கொட்டிலின் கீழ், அவருடைய பட்டறை. பழைய பஸ் தகடுகள், வள்ளத்து எஞ்சின் துண்டுகள், முட்கம்பிச் சுருள்கள், தார் பீப்பாக்கள் எல்லாம் குவிந்து கிடந்தன. அவர் அவற்றைக்கொண்டு ஓர் எருமை செய்துகொண்டிருந்தார். தலை குனிந்து பாயப்போகும் எருமை. நான் முதல்நாள் போய் நின்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சம்மட்டியை என் காலடியில் போட்டார்.

"அந்தப் பீப்பாவை நசியும்."

"எப்படி சேர்?"

"அடிச்சுத்தான். வேறை எப்படி?"

அடித்தேன். சம்மட்டி துள்ளித் திரும்பி வந்து என் முழங்காலில் பட்டது. அவர் சிரிக்கவில்லை. "நீர் அதைத் தடவுறீர். அதிலை ஆரையேன் நினைச்சுக்கொண்டு அடியும்" என்றார்.

யாரையும் நினைக்க வரவில்லை. ஆனாலும் அடித்தேன். அன்று பின்னேரம் வரை அடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, கைப்பிடியில் இரத்தம் ஒட்டிக்கொண்டது. பீப்பா நடுவில் மடிந்து, வாய் பிளந்து, தரையோடு தரையாகப் படுத்தபோது, எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. முன்வளவில் வாசித்துக்கொண்டிருந்த வயலின் நின்றது.

அந்த முதல் வாரங்களை நான் விரும்பினேன் என்பதை மறைக்கமாட்டேன். கிரைண்டரிலிருந்து பொறி பறந்து கழுத்தில் சுடும். தகடு கிழிந்து கையைக் கீறும். இரும்பு வெட்டும்போது எழும் கீச்சலில் பல் கூசும். காலையில் எழும்பினால் தோள் அசையாது. அப்படியிருந்தும் மற்றவர்களுக்கு முன்னால் கொட்டிலுக்குப் போய்விடுவேன். அவர் வெல்டிங் செய்யக் கற்றுத் தந்தார். தகட்டைச் சுட்டு வளைக்கக் கற்றுத் தந்தார். சொல்லித் தருவது என்பது அவரிடம் திட்டுவதுதான். பிழை விட்டால் கையில் இருப்பதை எறிவார். ஒருமுறை குறடு ஒன்று என் காதோரம் பறந்துபோய்ச் சுவரில் பட்டுக் காரை உதிர்ந்தது. "இரும்போடை வேலை செய்யிறவனுக்குக் கை அப்படித்தான்" என்று திட்டத்தை நடத்திய அக்கா சொன்னார். நானும் அதை நம்பினேன்.

நான் ஒரு பாவாடை செய்யத் தொடங்கினேன். நசித்த பீப்பாத் தகடுகளைக் கீலம் கீலமாக வெட்டி, வளையங்களால் கொழுவி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் இரும்புப் பாவாடை. அதைக் கட்டிக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். நடந்தால் அது கத்தும். என் தொண்டை செய்யாததை அது செய்யும். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

காட்சிநாள் நெருங்கியபோது எருமையின் விலாவுக்குத் தகடு போதவில்லை. அவர் வந்து என் பாவாடையைத் தூக்கினார்.

"இதை வெட்டித் தாரும்."

"ஏலாது சேர். இது என்ரை வேலை."

"உம்மடை வேலையோ? ஆரின்ரை இரும்பு? ஆர் பழக்கினது?"

"பழக்கினது நீங்கள்தான். செய்தது நான்."

அவர் முகம் மாறியது. பாவாடையை இரும்புக் கட்டையின் மேல் போட்டார். சம்மட்டியை எடுத்தார். முதல் அடியில் இடுப்பு வளையம் நெளிந்தது. இரண்டாவது அடியில் கீலங்கள் தெறித்தன. நான் ஓடிப்போய்ப் பாவாடையை இழுத்தேன். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்து என் இடது காதைப் பொத்தி அறைந்தார்.

உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காதுக்குள் கிரைண்டர் ஓடியது. நிலத்தில் கிடந்தேன், வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அவர் இரும்புக் கட்டையின் மேல் வலக்கையை ஊன்றிக் குனிந்து, "எடியே, எழும்படி, எழும்பி வெட்டடி" என்றார். என் கைக்குப் பக்கத்தில் சின்னச் சுத்தியல் கிடந்தது. எழும்பினேன். யாரையும் நினைக்கவில்லை. அவருடைய கையைப் பார்த்து ஓங்கி அடித்தேன்.

எலும்பு உடையும் சத்தம் பச்சை விறகு முறிவதைப்போல இருந்தது. அவர் கத்தினார். நான் மறுபடி ஓங்கினேன். வயலின் பெடியன் பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்திருக்காவிட்டால் அடித்திருப்பேன். "அக்கா, விடுங்கோ, காணும், போதும்" என்று அவன் அழுதான். அவன் ஏன் அழுகிறான் என்று நான் யோசித்தது நினைவிருக்கிறது.

அவரை ஓட்டோவில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல் எலும்புகள் நொறுங்கியிருந்தன. என்ன நடந்தது என்று டாக்குத்தர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "சம்மட்டி வழுக்கினது." ஒரு பெட்டையிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அன்றிரவு அமைப்பாளர் அக்கா என் அறைக்கு வந்தார். என் காது வீங்கியிருந்ததை அவர் பார்க்காமல் கதைத்தார்.

"அவர் பெரிய மனசோடை விட்டிட்டார். நீரும் விட்டிடும். பொலிஸுக்குப் போனால் உம்மைத்தான் பிடிப்பினம். இந்தத் திட்டமும் நிண்டிடும்."

"அவர் முதல் அடிச்சவர் அக்கா."

"தெரியும். ஆனால் அவரின்ரை கை எப்படிப்பட்ட கை தெரியுமே?"

என் காது எப்படிப்பட்ட காது என்று கேட்க நினைத்தேன். பாவாடையின் நெளிந்த வளையங்களை அடித்து நேராக்குவதில் அடுத்த நாட்களைக் கழித்தேன். பொய் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அவர் வாய் திறக்காதவரை நானும் தப்பினேன்.

பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நல்லூரில் ஒரு டியூசன் நிலையத்தில் படிப்பிக்கும் பெண். முந்திய தடவை இதே வீட்டில், இதே சிற்பியோடு இருந்தவராம். கவிதை எழுதுகிறவர். வயலின் பெடியன்தான் அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்கு எந்தக் காது?" என்று கேட்டார்.

"இடது."

"எனக்கும் இடதுதான். அவரின்ரை வலக்கை எல்லே. எனக்கு இப்ப அந்தப் பக்கம் ஒண்டும் கேளாது. வகுப்பிலை பிள்ளையள் இடப்பக்கம் இருந்து கேள்வி கேட்டால் விளங்காது. நான் படியிலை விழுந்ததெண்டுதான் எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கினம். அந்த அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னவா."

அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்தவுடன் பின்வளவுக்குப் போய், மிச்சமிருந்த ஒரு பீப்பாவை எடுத்துவைத்து அடித்தேன். இம்முறை நினைக்க ஆட்கள் இருந்தார்கள்.

காட்சிநாளில் முற்றம் நிறைந்த சனம். அப்பாவும் அம்மாவும் சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். சிற்பி முதல் வரிசைக் கதிரையில், கையில் பிளாஸ்டரோடு இருந்தார். முன்னால் விலா திறந்தபடி எருமை நின்றது. சனம் அவருடைய கையைப் பார்த்து அனுதாபப்பட்டது. ஒரு பெரியவர் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

என் முறை வந்தது. இரும்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். அது சீமெந்துத் தரையில் கிறீச்சிட்டது. நடந்துபோய் அவர் கதிரைக்கு முன்னால் நின்று, சனத்தைப் பார்த்து, எழுதிவைத்த வசனத்தை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"இந்தக் கையை உடைச்சது நான். இவர் என்ரை காதிலை அறைஞ்சவர். நான் சுத்தியலாலை அடிச்சனான். எனக்கு முதல் இஞ்சை இருந்த பிள்ளைக்கு இவர் அறைஞ்சதிலை ஒரு காது கேளாது. சம்மட்டியும் வழுக்கேல்லை, அந்தப் பிள்ளை படியிலையும் விழேல்லை."

அவர் எழும்பினார். கதிரையை உதைத்தார். அது பறந்து அமைப்பாளர் அக்காவின் காலில் பட்டது. "வேசை" என்று கத்திக்கொண்டு பிளாஸ்டர் கையை ஓங்கியபடி வந்தார். நான் விலகவில்லை. இடுப்பிலிருந்த ஒரு கீலத்தைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன். அதன் விளிம்பு என் உள்ளங்கையை வெட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓவியரும் வேறு இரண்டு பேரும் அவர்மேல் விழுந்து அமத்திப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. சால்வை காலுக்குள் மிதிபட்டது. அம்மா பெரிய சத்தமாக அழுதாள். அவளிடம் அப்படியொரு சத்தம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. நல்லூர்ப் பெண் என்னோடு பொலிசுக்கு வந்தார். சிற்பிமேல் இரண்டு முறைப்பாடுகள். என்மேல் ஒன்று. வழக்கு இன்னும் முடியவில்லை. மல்லாகம் நீதிமன்றத்தில் தவணை வரும்போதெல்லாம் மூவரும் ஒரே விறாந்தையில் நிற்கிறோம். அவருடைய இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. என் காதில் இரைச்சல் நிற்கவில்லை, அமைதியான அறையில் இருந்தால் கூடுகிறது. திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று என்னோடு கதைக்காத கலைஞர்கள் யாழ்ப்பாணத்தில் கனபேர் உண்டு.

அன்று காட்சி முடிந்து பஸ்ஸில் திரும்பியபோது அப்பா என் பக்கத்தில் இருந்தார். கைதடிப் பாலம் தாண்டியது. பிறகு கட்டுப் போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நோகுதே?"

"ஓம் அப்பா."

"அவனுக்கு?"

"நல்லா நொந்திருக்கும்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்.