மே மாதத்தில் இறந்த ஆசிரியர்

குற்றாலத்தில் அருவி வறண்டு கிடந்த ஒரு மே மாத முற்பகல். பாவூர்சத்திரம் பஸ்ஸின் நடத்துநர் என்னைக் கண்டு இறங்கி வந்தார். "செல்லையா சார் போயிட்டாரு, அண்ணாச்சி. காலையில நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். தென்காசியில் எங்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர் செல்லையா. நான் அங்கே கணக்கு ஆசிரியன்.

அங்கே வேலை பார்த்த பன்னிரண்டு வருஷமும் அவர் தற்காலிக ஆசிரியர்தான். ஏப்ரல் கடைசியில் விடுவிப்பு உத்தரவு, ஜூனில் புது நியமன உத்தரவு. இடையில் மே மாதம் விழுவதால் தொடர்ச்சியான பணிக்காலமே அவருக்குக் கிடையாதாம். இது அயோக்கியத்தனம். அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று என் வாயில் கொழுக்கட்டை இருந்தது.

ஆங்கில இலக்கணத்தில் 'சின்ஸ்', 'ஃபார்' பாடத்துக்கு அவரிடம் ஒரே உதாரணம்தான். "நான் ஐம்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து இந்தப் பள்ளியில் வேலை பார்த்து வருகிறேன்" என்பதை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதுவார். அதையே கீழே 'இத்தனை வருஷமாக' என்று மாற்றி எழுதுவார். "தொடங்கினது இன்னும் நடக்குன்னா இப்படித்தாம்லே எழுதணும்" என்பார். தாளாளர் ஒருமுறை வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, வேறு உதாரணம் போடும்படி சொல்லியனுப்பினார். செல்லையா மாற்றவில்லை.

போன வருஷம் நிரந்தரம் கேட்டு மனு எழுதினார். நிரந்தர ஆசிரியர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் தாளாளரால் தட்ட முடியாது என்று நம்பி, முதலில் என்னிடம் கொண்டுவந்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று மேஜைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். "விடுங்க அண்ணாச்சி. எனக்காக உங்களுக்கு என்னத்துக்குப் பொல்லாப்பு?" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று நல்ல சாரல். இரங்கல் கூட்டம் கேட்டுத் தாளாளரிடம் போனேன். "ஏப்ரல்லயே அவரை விடுவிச்சாச்சுல்லா. மே மாசம் செத்தவரு நம்ம வாத்தியார் எப்படி ஆவாரு?" என்றார். அவர் குரலில் கூச்சமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியதை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். தாளாளரைத் திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். பேனா எடுக்க மேஜையைத் திறந்தால் அந்த மனு கிடக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆறு பேரின் பெயரையும் அவரே எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். முதல் பெயர் என்னுடையது.