அர்கிரோவை மெதுவாகப் பேசச் சொன்னார்கள்

கிரேக்கத் தீவு ஒன்றிலுள்ள பலியோமிலோஸ் ஊரில் அர்கிரோவின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மலைச்சரிவில் ஒரு பள்ளம் ஊரை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் அவள் வீடு, எதிர்ப்பக்கம் கூப்பிடு தூரத்தில் அவளுடைய அக்கா மோஸ்காவின் வீடு. ஆனால் நடந்து போவதென்றால் கல்படிகளில் பள்ளத்தின் அடிவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். தங்கைக்கு முழங்கால் வலி, அக்காவுக்கு இடுப்பு வலி. அதனால் காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டதும் ஒருமுறை, சாயங்காலம் துணி எடுக்கும்போது ஒருமுறை, இருவரும் அவரவர் மாடி விளிம்புக்கு வந்து நின்று பேசிக்கொள்வார்கள்.

"அக்காவ்! இன்னிக்கு என்ன?"

"கொண்டக்கடல! அடுப்புல வெச்சாச்சு! உனக்கு?"

"வெண்டக்கா!"

"நேத்தும் அதத்தானடி தின்ன!"

"நேத்து ஆக்குனதுதான் மிச்சம் இருக்கு! ஒருத்திக்கு எவ்வளவு ஆக்குறதுன்னு இன்னும் கை பழகல!"

சிறுமியாக ஆடு மேய்த்த காலத்தில் வந்த தொண்டை அது. கல்யாணமான பிறகும் அது வீணாகவில்லை. அவள் கணவன் மனோலிஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அப்போது ஊருக்கே ஒரே தொலைபேசி, மோஸ்கா வீட்டுக்குக் கீழே காப்பிக்கடையில் இருந்தது. எந்தத் துறைமுகத்திலிருந்தாவது அவன் கூப்பிட்டால், மோஸ்கா மாடியேறி, "அர்கிரோ! உன் புருஷன்டீ!" என்று கத்துவாள். மாவுக் கையோடு அர்கிரோ படியிறங்கி ஓடுவதை ஊரே பார்த்துச் சிரிக்கும். அவன் இறந்து, பிள்ளைகள் பிரேயஸ் நகரத்துக்குக் குடிபோன பின் அவளுக்கு மிஞ்சியவை கோழிகளும், வெள்ளையடிக்க வேண்டிய சுவர்களும், எதிர்மாடியில் நிற்கும் அக்காவும்தான்.

அவளுடைய அண்ணன் மகன் யகூமிஸ் நகரத்து உணவகத்தில் பரிமாறிக் களைத்துப்போய் ஊர் திரும்பினான். அர்கிரோ வீட்டுச் சுவரை ஒட்டிய தன் அப்பாவின் பழைய வீட்டைச் செப்பனிட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். அவளுக்கும் சந்தோஷம்தான். சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தாள், கதவுக்கு வண்ணம் பூசினாள், வந்தவர்களுக்கு அத்திப்பழமும் முட்டையும் தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்தாள். இணையத்தில் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. 'இங்கே காற்றும் ஆட்டு மணியும் தவிர வேறெதுவும் காதில் விழாது' என்று எழுதியிருந்தான்.

இரண்டாவது கோடையில் ஒரு நாள் காலை, அவள் அக்காவிடம் ரொட்டிக்காரன் மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் பக்கத்து மாடியில் பெல்ஜியத்துப் பெண்மணி ஒருத்தி இரவு உடையோடு வந்து நின்றாள். புன்னகையோடு உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

அர்கிரோ பதறிப்போனாள். "டேய் யகூமிஸ்! யாருக்குடா உடம்பு சரியில்ல?"

அவன் ஓடி வந்தான். "யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தை. தூங்குறாங்க."

"வெயில் சுவரேறிடுச்சு, இன்னுமா தூக்கம்?"

"லீவுக்கு வந்திருக்காங்க. அமைதி வேணும்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. ரெண்டு மாசம் கொஞ்சம் பொறுத்துக்க. அப்புறம் நீ எவ்வளவு வேணா கத்து."

"கத்துறேனா? நான் பேசுறேன்டா!"

முழங்கால் வலியோடு படியிறங்கி, இதைக் காப்பிக்கடையில் போய்ச் சொன்னாள். எல்லோரும் தன் பக்கம் நிற்பார்கள், யகூமிஸை நாலு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்தாள். கடைக்காரன் கோப்பையைத் துடைத்தபடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவன் மாடியறையிலும் அப்போது இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். பகடை சத்தம் கேட்கக்கூடாதென்று ஆட்டப் பலகைக்கு அடியில் அவன் கம்பளித் துணி விரித்திருப்பதை அன்றுதான் கவனித்தாள். பாதிரியார்கூடக் காலை மணியைச் சுருக்கிவிட்டார். அவர் மருமகளும் அறை வாடகைக்கு விடுகிறாள்.

"எல்லாருமா சேர்ந்து ஊர ஆஸ்பத்திரி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

இருந்தும் அவள் அடங்கிப் போனாள். அண்ணன் மகன் பிழைப்பு, கெடுத்தோம் என்ற பேர் நமக்கெதற்கு என்று தோன்றியது. சேவலை மலைக்காட்டில் ஆடு வைத்திருப்பவரிடம் கொடுத்தாள். யகூமிஸ் இரண்டு அத்தைகளுக்கும் ஆளுக்கொரு கைபேசி வாங்கிக் கொடுத்தான். பள்ளத்தில் சிக்னல் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அக்காவுக்கு அதில் பாதி கேட்காது.

கப்பல் வரும் ஒரு சனிக்கிழமைக்கு முந்தின நாள் காற்று பலமாக வீசியது. துறைமுகத்திலிருந்து தகவல் வந்ததும் அர்கிரோ அக்காவை அழைத்து, "நாளைக்குக் கப்பல் வராது" என்றாள்.

"வருதா?"

"வராது!"

"சரி சரி, வருது. கேட்டுச்சு."

இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள், போகவில்லை. மாடிக்குப் போய் ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். கதவுவரை போனாள். பக்கத்து மாடியில் யாரோ கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் மோஸ்கா, மகளுக்கு அனுப்ப வேண்டிய பாலாடைக்கட்டிக் கூடையோடு துறைமுகத்துக்குப் போய், வராத கப்பலுக்காகக் காற்றில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. "வேணும்னே என்னை அலைய விட்டா" என்று கணவர் நிகிதாஸிடம் சொல்லி அழுதாளாம். பல நாட்களுக்கு அவள் தங்கை அழைப்பை எடுக்கவில்லை. அர்கிரோ சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகத் திட்டினாள். யாரைத் திட்டுவதென்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வருடமும் அடுத்த வருடமும் கோடை முழுக்க ஊர் அப்படியே கிடந்தது. இடையில் வந்த குளிர்காலத்திலும் மோஸ்கா மாடிக்கு வரவில்லை, கைபேசியே அவளுக்குப் பழகிவிட்டது. அந்த அடுத்த வருடக் கோடையின் கடைசியில், செப்டம்பரில், யகூமிஸ் தயங்கித் தயங்கி அவள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, தங்கிட்டுப் போனவர் ஒருத்தர் எழுதியிருக்கார். ஊர் அழகா இருக்காம், ஆனா உயிரே இல்லையாம். மனுஷங்க இருக்காங்களா, இல்ல காட்டுறதுக்குக் கட்டி வெச்ச ஊரான்னு கேட்டிருக்கார்."

"அதுக்கு?"

"நீயும் பெரிய அத்தையும் பேசிக்குவீங்கல்ல, அதைப் பத்தி விருந்தாளிங்ககிட்ட சொன்னேன். ரொம்ப ஆசைப்படுறாங்க. ஒரு பத்து மணி வாக்குல, காலை சாப்பாடு முடிஞ்சதும்..."

அர்கிரோ கையிலிருந்த கரண்டியை மேசைமேல் போட்டாள். "நான் என்ன உன் கடை ரேடியோவா? மூடுன்னா மூடணும், திருகினா பாடணுமா? ரெண்டு வருஷம் எங்க அக்காகூடப் பேச விடல நீ! இப்ப வந்து மணி குறிக்கிறியா? போடா வெளில!"

அவனைத் துரத்திய வேகத்திலேயே மாடிக்குப் போனாள். விருந்தாளிகளுக்காக இல்லை, அவளுக்கே அடக்க முடியவில்லை.

"அக்காவ்!"

இரண்டு வருடமாகப் பூட்டி வைத்த குரல் பள்ளம் முழுக்க அதிர்ந்தது. பக்கத்து மாடியில் நாலைந்து பேர் எழுந்து கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். எதிரே மோஸ்கா வெளியே வந்தாள். ஒரு கையைக் காதில் குவித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையில் ஒளிர்ந்த கைபேசியை உயர்த்தி ஆட்டினாள்.

"பேத்தியோட பேசிட்டிருக்கேன்டி! முகம் தெரியுது! அப்புறம் போன்ல வா!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து மாடியில் கை தட்டினார்கள். அர்கிரோ அந்தக் கைதட்டல் முடியும்வரை நிற்காமல் உள்ளே வந்து கதவை அறைந்து சாத்தினாள். அன்று கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கக்கூட மறந்துபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி ஏறி அக்கா வீட்டுக்குப் போனாள். மோஸ்கா கட்டிப்பிடித்து அழுதாள். கப்பல் சண்டையைத் தொடக்கத்திலிருந்து போட்டுத் தீர்த்தார்கள். அந்தச் சின்னச் சமையலறையில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களைப் போலவே கத்தினார்கள். நிகிதாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, "ஆட்டைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போகிறாள், மாடியில் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். முதல் சில வாரங்கள் பேச்சு ஓயவில்லை. பிறகு குறைந்தது. நிச்சயதார்த்தம், சாவு, கப்பல் என்றால் சொல்லலாம். வெண்டைக்காய் முற்றிப்போனதையும், கறுப்புக் கோழி அடையில் உட்கார்ந்ததையும், பாதிரியார் மருமகள் புதுப் பாவாடை கட்டியிருப்பதையும் சொல்லவா அத்தனை படி இறங்கி ஏறுவது? அதெல்லாம் பார்த்த கணத்தில் சொல்லியிருக்க வேண்டியவை. செவ்வாய்க்கிழமை என்ன சமைத்தோம் என்பது ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே நினைவில் இருப்பதில்லை.

"ஏன்டி வாயைத் தெறக்காம உட்கார்ந்திருக்க?" என்று போன வாரம் மோஸ்கா கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததத்தான் முன்னல்லாம் பேசுவோம்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அக்காவின் கைபேசி மணியடித்தது. பேத்தி. மோஸ்கா அதைக் கையில் எடுத்தாள். அர்கிரோ மேசையைப் பிடித்து எழுந்து, முழங்கால் துணியை இறுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் படியிறங்கப் போனாள்.