பாலம்மாள் சொல்லாமல் வைத்திருந்தது

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் வந்த வெள்ளம் வடிந்து பத்து மாதம் கழித்துத்தான் அந்தத் துணி வேலை தொடங்கியது. கொக்கிரகுளத்து ஆற்றோரத் தெருப் பெண்களும் மேலப்பாளையத்துப் பெண்களும் அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் பழகியவர்கள். அவர்களே கூடிப் பேசி வைத்த ஏற்பாடு அது. வெள்ளத்துக்குத் தப்பிய துணி ஒன்றை ஒவ்வொருத்தியும் கொண்டுவந்து, அதன் கதையை அடுத்த ஊர்க்காரியிடம் சொல்ல வேண்டும். கேட்டவள் அதை எல்லாருக்கும் பொதுவான ஒரு நீளத் துணியில் வைத்துத் தைக்க வேண்டும். வெள்ளம் வந்து ஒரு வருடம் நிறையும் நாளில் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தைத்தவளே கதையையும் சொல்ல வேண்டும்.

இட்லி சுட்டு விற்கும் பாலம்மாளுக்கு ஜோடியாக வந்தவள் பீடி சுற்றும் ஜன்னத்துல் பிர்தௌஸ். அவள் கொண்டுவந்தது கணவனின் கைலி. சவுதிக்குப் போனவனிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பாலம்மாள் தைத்து முடித்தாள். தன் பங்குக்கு மகள் சித்ரலேகாவின் பச்சைத் தாவணியைக் கொடுத்தாள். பதினைந்து வயதில் வெள்ளத்தோடு போனவள். சித்தி வீட்டில் கிடந்ததால் தாவணி தப்பியது. கதையை மட்டும் பாலம்மாள் சொல்லவில்லை. பிர்தௌஸும் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் பாலம்மாள் வாய் திறந்தாள்.

"எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சு. நாந்தான் ரேசன் கார்ட எடுத்துட்டு வான்னு அவளத் திருப்பி அனுப்புனேன். அவளாத்தான் ஓடுனான்னு அவ அப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

பிர்தௌஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத நான் கூட்டத்துல சொல்லல யக்கா. வேற என்னமும் சொல்லுதேன்."

"இல்ல, இதையே சொல்லு. அவரும் வருவாரு. என் வாயால சொல்ல முடியல."

வருடம் நிறைந்த அன்று பள்ளிக்கூடத்தில் பிர்தௌஸ் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முன்னால் இருந்த பாலம்மாளின் கணவர் நடராஜ் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். பாலம்மாள் தலை நிமிரவில்லை.

பதினோரு நாள் அவர் மனைவியிடம் பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்றார், வேலைக்குப் போனார், வந்து படுத்தார். பன்னிரண்டாம் நாள் காலை, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டார்.

"போகும்போது புள்ள எதும் சொல்லுச்சா?"

இன்னொரு பொய் சொல்லப் பாலம்மாளுக்குத் தெம்பில்லை.

"தண்ணி ஏறுதும்மா, பயமா இருக்குன்னா. நாந்தான் ஏசி அனுப்புனேன்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவளுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.