கட்டைவிரலால் ஓடும் கார்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார். வெறுங்காலின் கட்டைவிரலால் மட்டும் ஆக்சிலரேட்டரைத் தொடுகிறார், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல. கார் நகர்கிறது. பால்காரரின் சைக்கிள் மணியடித்துக்கொண்டே முந்திப் போகிறது. "போகட்டும், அவருக்கு அவசரம்" என்கிறார்.

வண்டியோ பளீர் சிவப்பு. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், டர்போ. பின்னால் இறக்கை வேறு. கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுகிறார் மனுஷன். என்ன கொடுமை பாருங்கள்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையே கிலோவில்தான் காண்கிறார். காரில் ஏற வருகிறவரை ஏற இறங்க நோட்டம் விடுவார். "சாப்பிட்டாச்சா?" என்பார். உபசாரம் என்று நினைத்து "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும். ஸ்டெப்னியை இறக்கிக் கூடத்தில் போட்டிருக்கிறார். நடுவழியில் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "பஞ்சராகாத மாதிரி ஓட்டணும்" என்று பதில் வரும்.

எல்லாம் மனைவி போட்ட நிபந்தனையால் வந்த வினை. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். பழைய கார் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியது. இது வந்த வாரத்தில் பதின்மூன்றுதான் ஓடியது. "இன்னையிலேருந்து ஒரு மாசம் பாப்பேன். பதினெட்டு வந்தா வெச்சுக்கோங்க. வரலைன்னா என் தம்பிக்குக் குடுத்துடுங்க, அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். அன்று லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவனின் வேகமான காரை எட்டி நின்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். கையில் வந்ததை விட்டுவிடுவாரா?

அதற்குப் பிறகுதான் இந்த வித்தையெல்லாம். டயரில் காற்றுக் குறைய விடமாட்டார். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் அப்போதே காலை எடுத்துவிடுவார். "கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. அதுபாட்டுக்கு உருளும். ஓசி தூரம்" என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவார். பின்னால் வருகிறவர்கள் தங்கள் கருத்தை ஹாரனில் சொல்வார்கள். ஏசி பேச்சே கிடையாது. வேர்த்து வழியும் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டால், "மெதுவா விசிறு, வண்டி ஆடுது" என்பார்.

மச்சினன் லேசுப்பட்ட ஆள் இல்லை, எடையிலும் சரி. மைலேஜைக் கெடுப்பதற்கென்றே வலிய வந்து ஏறப் பார்ப்பான்.

"மாமா, கடை வரைக்கும் விட்டுடுங்க."

"நீ பஸ்ல வா மாப்ள. உன் பையை மட்டும் நான் கொண்டுவரேன்." பையை ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். "பையும் உன்கூடவே வரட்டும்."

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பெட்ரோல் பங்குக்குக் கிளம்பினார்கள். அங்கே போய்ச் சேரும்போது டாஷ்போர்டுத் திரையில் என்ன சராசரி இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்று பேச்சு. திரை சரியாகப் பதினெட்டு காட்டியது. லிஃப்ட்காரர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். கடைசி சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய ஓட்டைக் கார் ஒன்று வந்து நின்றது. மச்சினன்.

"அக்கா, எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம்" என்று சிரித்தான். "மாமா, சாவியை இன்னைக்கே குடுத்துடுங்க. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டட்டும்."

லிஃப்ட்காரர் காதில் விழாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிற்று. மனைவி அதைக் கவனித்தார். ஒரு மாதமாக அவரும் இதே கேலியைச் செய்தவர்தான். ஆனாலும் தம்பி வாயால் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது.

"மிதிங்க."

"மிதிச்சா பதினெட்டு போயிடும்."

"போனாப் போகுது. மிதிங்கங்கறேன்ல."

பச்சை விழுந்தது. முழுப் பாதமும் இறங்கியது. அந்தச் சின்னக் கார் ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் எடுத்துவிட்டது. இரண்டு பேர் முதுகும் இருக்கையில் ஒட்டிக்கொண்டன. மச்சினன் எங்கோ பின்னால் புள்ளியாகிப் போனான். மனைவி வாய்விட்டுச் சிரித்தார். லிஃப்ட்காரரும் சிரித்தார், பாதி அழுகையோடு.

பங்க் வாசலில் ஓரமாக நிறுத்தினார். திரையில் பதினேழு புள்ளி ஒன்பது. ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"உன் தம்பிக்குப் போன் போடு" என்றார்.

மனைவி போனை எடுக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் சராசரியை அழிக்கிற பொத்தானைத் தேடிப் பிடித்து, எண் பூஜ்யமாகும் வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.