மூடாமல் வைத்த சுண்ணாம்பு நீர்

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆய்வக உதவியாளர் சுறுசுறுப்பான பெண். வந்த முதல் வாரத்திலேயே அலமாரிகளைத் துடைத்து, சோதனைக் குழாய்களை அளவு வாரியாக அடுக்கிவிட்டு, என் மேசை மேல் இருந்த சின்ன மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். அதன் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருக்கும். "எவ்வளவு தேச்சாலும் போவ மாட்டேங்குது டீச்சர். தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். நான் ஏறக்குறையப் பிடுங்கியே விட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நல்ல எண்ணத்தோடு கேட்டவரை இப்படிச் செய்யலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வளையம் அழுக்கு இல்லை. நான் ஆசிரியையாகச் செய்த ஒரு பெரிய தப்பு அதில் இருக்கிறது, அதைத் திருத்திய மனிதரும் இருக்கிறார்.

இவருக்கு முன்பிருந்த ஆய்வக உதவியாளர் அவர். எல்லோரும் லேப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தலைமையாசிரியர்கூட அப்படித்தான். விழிதியூர்க்காரர். காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு, கணுக்காலில் சேறு காய்ந்த கோடு தெரிய வந்து நிற்பார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இருந்தாலும் செய்முறைத் தேர்வன்று பயந்து நிற்கும் பிள்ளைகள் தேடுவது என்னை அல்ல, அவரைத்தான். மேசை மேசையாக நடந்து, "பாத்தத எழுதுங்கம்மா, பாத்தத எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு அது உள்ளூர எரிச்சலாக இருக்கும். எங்கள் வழக்கம் வேறு. பதிவேட்டில் சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று கட்டம் போடுவோம். மூன்றுக்கும் உரியதை நானே கரும்பலகையில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி, பென்சிலால் படம் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்குவார்கள். சோதனையைச் செய்வது அதற்கடுத்த வாரம். என்ன காண வேண்டும் என்பது கண்ணால் காண்பதற்கு முன்பே மையில் காய்ந்திருக்கும். நானும் அப்படித்தான் படித்து வேதியியலில் முதுகலை வரை வந்தேன், அதனால் இதில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு கொரோனாத் தொற்று வந்தது, பள்ளியைப் பூட்டினார்கள். நான் காரைக்காலில் எங்கள் வீட்டு அடுப்படியில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். பின்னால் உம்மா தாளிப்பு போடுவார். "இந்தப் புள்ளைவ பாடம் கேக்குதுவளா, நம்ம வூட்ல என்ன கொழம்புன்னு பாக்குதுவளா?" என்று அவர் சத்தமாகக் கேட்டது முழு வகுப்புக்கும் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தது பாதி வகுப்புதான். மீதிப் பாதிக்குப் போன் இல்லை, அல்லது அப்பாவோடு, அண்ணனோடு வெளியே போயிருக்கும். அமிலம் என்று எழுதிக் காட்டினேன், காரம் என்று எழுதிக் காட்டினேன். ஒரு பிள்ளையும் ஒரு சொட்டு எதையும் தொடவில்லை.

அப்போதுதான் லேப் அண்ணன் போன் செய்தார். "டீச்சர், மதிய சாப்பாட்டு அரிசிய வீட்டுக்குக் குடுக்குறோம்ல, அதோட ஒரு பாட்டில் குடுத்தா என்னா?" என்றார். சத்துணவு அரிசி வாங்க அம்மாக்கள் பள்ளி வாசலுக்கு வருவார்கள். ஒவ்வொரு பையோடும் ஒரு சின்ன பாட்டில் தெளிந்த சுண்ணாம்பு நீர். பிள்ளைகள் வீட்டில் அதை டம்ளரில் ஊற்றி, ஒரு குழாயால் ஊதிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குழாய்க்கு அவர் பப்பாளி இலைக்காம்பைச் சொன்னார். பாட்டிலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். காரைக்காலில் காலி பாட்டிலுக்கா பஞ்சம், சாராயக்கடைப் பக்கம் குவிந்து கிடக்கிறதே என்று நானே விளையாட்டாகச் சொன்னேன். "வயசுப் பொண்ணுங்க வீட்டுக்கு அந்தப் பாட்டில்ல அனுப்புனா நம்ம ரெண்டு பேரையும் ஊர விட்டே வெரட்டிடுவாங்க டீச்சர்" என்று பதறினார். தெரிந்த மருந்துக்கடைகளிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டு டானிக் பாட்டில்களாகச் சேர்த்தார். கொதிநீரில் போட்டெடுத்து, நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி விட்டார். மெழுகு எதற்கு என்றேன். "காத்து புகுந்தா ஆடை கட்டிரும் டீச்சர்" என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன் என்பதே உண்மை. ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது என்று மட்டும் வாசலில் நின்று தொண்டை வறளக் கத்தினார்.

ஒரு வாரத்தில் நோட்டுப் பக்கங்கள் படங்களாக என் போனில் வந்து விழுந்தன. 'ஊதியவுடன் சுண்ணாம்பு நீர் பால் போல மாறியது' என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமையோ பெருமை. ஒன்றே ஒன்று மட்டும் இடறியது. பட்டினச்சேரியிலிருந்து வரும் ஒரு மாணவி காண்பது என்ற கட்டத்தில், 'ஊதுவதற்கு முன்பே தண்ணீர் மேல் வெள்ளையாக ஆடை படிந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். அறிவது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அசட்டையாகச் செய்திருக்கிறாள், அழுக்கு டம்ளரில் ஊற்றியிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். அவள் பக்கத்தின் மேல் விரலால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'தவறு. கவனமாகச் செய்யவும்' என்று எழுதி, வகுப்புக் குழுவில், எல்லாரும் பார்க்கும்படி போட்டேன். தனியாக அனுப்பியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அரிசி வாங்க வந்த அவள் அம்மா வாசலில் நின்று சொன்னார்: "அதுக்கு சைன்ஸ் வரலைன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம் டீச்சரம்மா. இனிமே போனு வேணாம், அண்ணனையே வச்சுக்கச் சொல்லுன்னுட்டுச்சு. டவுன்ல அவ சித்தி தையல் கடைக்கு அனுப்பலாம்னு இருக்கேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவர் வருத்தமே இல்லாமல், முடிந்துபோன காரியம் போலச் சொன்னார்.

லேப் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம், அடுத்த வகுப்புக்கு நிரப்புவதற்காக. அம்மாக்கள் எல்லாம் போனபின் அவர் என்னைக் கூப்பிட்டு பெஞ்சு மேல் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களைக் காட்டினார். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காலியாக இல்லை, திறக்காமல் நிரம்பியே இருந்தன. மூடியைச் சுற்றி அவர் விட்ட மெழுகு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. 'ஊதியவுடன் பால் போல மாறியது' என்று எழுதி என்னிடம் சரி வாங்கிய பிள்ளைகளின் பாட்டில்கள். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுதான் தொறந்து, பாத்தத அப்புடியே எழுதிருக்கு போலருக்கு டீச்சர்" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் கரியமில வாயுவே அதன் மேல் வெள்ளை ஆடையைப் படியவைக்கும். அதன் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். வருடக்கணக்கில் ஆய்வக ஜாடியில் அந்த ஆடையைச் சுரண்டி எடுத்தவர் அவர். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாளே அவருடைய மொபெட்டுக்குப் பின்னால் என் ஸ்கூட்டியில் பட்டினச்சேரிக்குப் போனேன். இருவரும் முகக்கவசத்தோடு வீட்டு வாசலில் தள்ளி நின்றோம். அந்தப் பெண் வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. "நீ எழுதுனதுதான் சரிம்மா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். லேப் அண்ணன் அவளைக் கேட்டார்: "ஊத்தி எவ்வளவு நேரம் வச்சிருந்தம்மா?"

"மத்தியானமே ஊத்திட்டேன். எப்புடி செய்யணும்னு டீச்சர் வீடியோ போனுல இருந்துச்சு. எங்க அண்ணன் போன எடுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு, வர சாயங்காலம் ஆயிருச்சு" என்றாள். போன் வருவதற்காகக் காத்திருந்த அந்த நேரத்தில்தான் ஆடை படிந்திருக்கிறது. போன் கையிலேயே இருந்த பிள்ளைகள் யாருக்கும் இது கிடைக்கவில்லை.

பிறகு அவள் உள்ளே போய் இரண்டு பாட்டில்களோடு வந்தாள். ஒன்று அவளுடையதில் மிச்சம். இன்னொன்று பக்கத்து வீட்டு வகுப்புத் தோழி திறக்காமலே கொடுத்தது. நான் குறி போட்ட மறுநாளே அவள் ஒன்றை மூடியும் ஒன்றை மூடாமலும் ஜன்னலில் வைத்திருக்கிறாள். மூடியது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மூடாததில் மேலே வெள்ளைத் தகடு, சுவரில் ஒரு வளையம். இரண்டையும் எனக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முகத்தில் அழுகையும் ரோஷமும் சேர்ந்திருந்தன.

"மூடி வச்சது அப்புடியே இருக்கு டீச்சர். தொறந்து வச்சதுதான் ஆடை கட்டிருக்கு. நான் ஊதவே இல்ல. யாரு ஊதுனா?"

இத்தனை வருடத்தில் என் வகுப்பில் யாரும் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி அது. ஆசிரியை போட்ட தப்புக் குறியை நம்பாமல், அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு பாட்டில் வைத்த பெண்ணையா தையல் கடைக்கு அனுப்ப இருந்தோம்! "காத்துதாம்மா" என்றேன். லேப் அண்ணன் அதற்குள் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அந்த பாட்டில்களைக் காட்ட ஆரம்பித்திருந்தார். தன் வயலில் அமோக விளைச்சல் கண்டவர் போல ஒரு சந்தோஷம். அம்மாவுக்கு அறிவியல் என்ன புரிந்ததோ தெரியாது. டீச்சரே வீடு தேடி வந்து தப்பு என் மேல் என்று சொன்னது புரிந்தது. "அப்ப படிக்கட்டும்" என்றார்.

அன்று மாலை குழுவில் அவள் பக்கத்தை மறுபடி போட்டேன். என் சிவப்புக் குறியை அடித்து, 'இது என் தவறு. இவள் கண்டதை எழுதியிருக்கிறாள்' என்று கீழே எழுதினேன். மறுநாள் மெழுகு உடையாத பாட்டில்காரர்கள் ஒவ்வொருவராகத் தனிச் செய்தியில் ஒப்புக்கொண்டு, பாட்டிலைத் திரும்பக் கேட்டார்கள். அவள் இப்போது காரைக்காலில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். லேப் அண்ணன் போன வருடம் ஓய்வு பெற்று வயலோடு நிம்மதியாக இருக்கிறார். போகும்போது, அன்று அவளிடம் வாங்கி வைத்திருந்த அந்தத் திறந்த பாட்டிலை என் மேசை மேல் வைத்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

இதையெல்லாம் புதிய உதவியாளரிடம் சொல்லி முடித்தபோது அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இன்னைக்கு சுண்ணாம்புத் தண்ணிய இதுலயே ஊத்தித் தரவா?" என்று கேட்டார். நிரப்பி, மூடாமல், ஒன்பதாம் வகுப்பு மேசையில் வைத்தோம். கண்டதை எழுதுங்கள் என்றேன். பீரியட் முடிய நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிலர் கைடைப் பார்த்து, 'பால் போல மாறியது' என்று எழுதிவிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் தன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கச் சொன்னேன். காண்பது என்ற கட்டத்தில், 'இதுவரை ஒன்றும் நடக்கவில்லை' என்று இருந்தது. நான் சிவப்புப் பேனாவைத் திறந்ததும் அவள் கண் பேனா முனையிலேயே நின்றது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி பெரிதாகச் சரி என்று குறி போட்டேன். நாளைக் காலை வந்ததும் முதலில் நீதான் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். பாட்டிலை மட்டும் மூடிவிட வேண்டாம் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.