முன்கதவு

எங்கம்மாவுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசைதான். பெரிய வீட்டுக்குள்ள முன்கதவு வழியாப் போகணும். கேட்டாச் சிரிப்பு வரும். காலமெல்லாம் அந்த வீட்டுலயே வேலை பார்த்தவ.

முதல்ல அது ஒரு துணி வியாபாரியோட வீடு. மாடிக்கு மட்டும் ரெண்டு படிக்கட்டு. முன்கதவு பூவேலை செஞ்ச தேக்கு, வண்டியே நுழையற அகலம். அதை எண்ணெய் போட்டுத் துடைக்கிறது அம்மா வேலை. துடைச்சு முடிச்சதும் வீட்டைச் சுத்திப் பின்பக்கம் போய், சமையற்கட்டு வாசல்ல குனிஞ்சு உள்ள வரணும். நிலை அவ்வளவு தாழ்வு. அவசரத்துல இடிச்சுக்கிட்ட தழும்பு இன்னும் நெத்தியில இருக்கு.

வியாபாரி நொடிச்சுப் போனார். வீடு பிரசவ ஆஸ்பத்திரி ஆச்சு. கூடத்துல வரிசையாக் கட்டில், நகை வச்சிருந்த அறையில மருந்து அலமாரி. அம்மா அங்க ஆயா. ஊர்ப்பட்ட பொம்பளைங்க முன்கதவு வழியா வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அம்மாவுக்கு வலி எடுத்தப்போ டாக்டரம்மா சொன்னாங்களாம், "நீ நம்ம ஆளுதானே, பின்னாடி வழியா வந்துடு." நம்ம ஆளாம்! எனக்கு வாயில நல்லா வருது. அப்படிக் குனிஞ்சு வந்து பெத்த பொண்ணுதான் நான்.

அப்புறம் வரி ஆபீஸ். நான் பிறந்த அறையில ஃபைல் கட்டு. அம்மாவுக்குப் பெருக்குற வேலை. அதிகாரிங்க மாறினாங்க, அவ வழி மாறல.

"யாரும் இல்லாத நேரமாப் பார்த்து ஒரு தடவை போயிடேம்மா"ன்னு சொல்லுவேன்.

"திருட்டுத்தனமா எதுக்குடி? அவங்களே வாங்கன்னு கூப்பிட்டு நான் போகணும்"பா.

ஆபீஸும் காலி ஆச்சு. கொஞ்ச வருஷம் வவ்வால் குடியிருந்தது. போன மாசம் மியூசியம் ஆக்கிட்டாங்க. முழங்கால் தேய்ஞ்சு வீட்டோட கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தா. "டிக்கெட் வாங்கினா யாரு வேணாப் போகலாமாம்டி!" பட்டுப்புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா.

ரெண்டு டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்த்தா, முன்கதவுக்குக் குறுக்கே கயிறு.

"வாங்கம்மா, வாங்க"ன்னார் காவலாளி. நல்ல மனுஷன். "கதவு ரொம்பப் பழசு, தாங்காது. எல்லாருக்கும் பின்பக்கந்தான் வழி."

அம்மா கதவையே பார்த்துக்கிட்டு நின்னா. வீட்டுக்குப் போயிடலாம்னு கையைப் பிடிச்சேன். உதறிட்டு, முழங்கால் வலியையும் மறந்து பழகின வழியில விறுவிறுன்னு பின்பக்கம் நடந்தா.

அங்க பெரிய வரிசை. கோட்டு போட்டவர் ஒருத்தர் முன்னாடி போனார். டொக்! நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அம்மா நேராப் போய் நிலைப்பக்கம் நின்னா.

"குனிஞ்சு வாங்க, சார். குனிஞ்சு வாங்க, தாயி. இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படி."

ஒருத்தர் விடாம அத்தனை பேரும் குனிஞ்சாங்க. அம்மா முகத்துல அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. வரிசை முடிஞ்சதும், "வாம்மா, நாமளும் போலாம்"னேன்.

"நீ போய்ப் பார்த்துட்டு வாடி. நான் இனிமே குனியறதா இல்லை."

நானும் போகலை. டிக்கெட் ரெண்டும் கிழிக்காம வீட்டுல கிடக்கு.